செவியறிவுறுத்தலும் அச்சுறுத்தலும்

சொற்கள் வானத்திலிருந்து வீழ்ந்தவை அல்ல. மனிதர் கூடி வாழ்ந்த வாழ்க்கையே அவற்றைப் படைத்தது. அவ்வாழ்க்கையில் யார் மேலிருந்தனர், யார் கீழிருந்தனர் என்பதும் அவற்றின் பொருளிற் படிந்து கிடக்கின்றது. ஆதலின், ஒரு சொல்லின் பொருளை அகராதியிற் கண்டுகொள்வதோடு நமது வேலை முடிந்துவிடுவதில்லை. அதனை யார் யாரை நோக்கிச் சொன்னார், சொன்னதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்ற வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அவ்வாறு ஆராய்வதற்கு ஏற்றதொரு பொருள், ஒருவர் இன்னொருவருக்குக் காதோடு சொல்லும் மென்மையான எச்சரிக்கையாகும்.

ஒருவர் தவறான வழியிற் செல்வதைக் காண்கின்றோம். அவருக்கு அதனை எவ்வாறு எடுத்துரைப்பது? 'மெல்லச் சொல்லுங்கள்' என்பர் பெரியோர். 'உரத்துச் சொல்லுங்கள்' என்பர் இளைஞர். நமது பாடசாலைகளிலும் ஆசிரியர் சங்கங்களிலும் வாசகர் வட்டங்களிலும் இவ்விவாதம் ஓயாது நிகழ்ந்து வருகின்றது. மென்மையே பண்பாடு என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். மென்மை என்பது கோழைத்தனத்துக்கு இட்ட மறுபெயர் என்று மற்றொரு சாரார் வாதிடுகின்றனர். இரு சாராரும் குரலின் அளவையே அளவுகோலாகக் கொள்வதை நாம் அவதானிக்கலாம். நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. சொல்வோன் எதனைக் காப்பதற்காக மெல்லச் சொல்கின்றான்? கேட்போனின் மதிப்பைக் காப்பதற்காகவா, அன்றித் தன் நலனைக் காப்பதற்காகவா? இக்கேள்விக்கு விடை கண்டாலன்றி மென்மையைப் போற்றுவதும் தூற்றுவதும் பொருளற்றவை.

இன்று நாம் பெருவழக்காக எடுத்தாளும் 'எச்சரிக்கை' என்னும் சொல்லை முதலிற் கவனிப்போம். தெலுங்கு, கன்னட வழக்குகளின் தொடர்பால் தமிழுக்கு வந்து சேர்ந்த சொல் இது. கன்னடத்தில் 'எச்சர' என்றால் விழிப்பு. தெலுங்கில் 'ஹெச்சரிக' என்பது கவனமாயிருக்கச் சொல்லும் சொல். அரசன் அவைக்கு எழுந்தருளும்போது கட்டியக்காரன் முன்னே நின்று 'எச்சரிக்கை', 'பராக்கு' எனக் கூவுவது வழக்கம். நமது நாட்டுக்கூத்துகளில் அரசனது கொலுவரவை அறிவிக்கும் கட்டியக்காரனைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதியதன்று. அரசன் வருகின்றான், எழுந்து நில்லுங்கள், வழிவிட்டு ஒதுங்குங்கள் என்பதே அக்கூவலின் பொருள். விழித்திருக்க வேண்டியவர் குடிகள். அவ்விழிப்பினாற் சிறப்பெய்துபவர் அரசர்.

ஆயினும் அதே சொல் இன்னொரு வாயில் வேறு பொருள் பெற்றதையும் நாம் மறத்தலாகாது. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் (1767–1847) இராமனைப் பார்த்துக் கவனமாக நடந்து வருமாறு அழைக்கும் தெலுங்குக் கீர்த்தனை ஒன்று இச்சொல்லோடுதான் தொடங்குகின்றது. அங்கே குடிகளை ஒதுக்கும் அதிகாரம் இல்லை. நடந்து வருபவனின் பாதத்துக்கு ஊறு நேர்ந்துவிடுமோ என்ற பரிவே உண்டு. கட்டியக்காரனின் வாயிற் கட்டளையாக இருந்த சொல், அன்பனின் வாயிற் கனிவாக மாறிவிட்டது. சொல் ஒன்றே, சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலான உறவுதான் மாறியது.

அந்தக் கட்டியக்காரன் இன்று மறைந்துவிட்டான் என்று எண்ணுவோமாயின் நாம் ஏமாந்தவராவோம். அலுவலகங்களில் அவன் இன்னும் உயிரோடு இருக்கின்றான். 'இனிமேல் இவ்வாறு நடவாதிருக்குமாறு எச்சரிக்கப்படுகின்றீர்' என்று ஒரு கடிதம் வருகின்றது. அதன் பிரதி ஊழியரின் கோவையிற் சேர்கின்றது. கடிதத்தின் மொழி மிகவும் மென்மையானது. ஒரு வசைச் சொல் கூட அதில் இராது. ஆயினும் அடுத்த பதவி உயர்வின்போது அந்தக் கோவை திறக்கப்படும் என்பதை எழுதியவரும் அறிவார், பெற்றவரும் அறிவார். இங்கே எச்சரிக்கை என்ற சொல் விழிப்பையோ பரிவையோ குறிக்கவில்லை. தண்டனையின் முதற் படியையே குறிக்கின்றது.

ஒரே வாக்கியம் எச்சரிக்கையாகவும் அச்சுறுத்தலாகவும் அமையக்கூடும் என்பதை எளியதோர் உதாரணத்தால் விளக்கலாம். யாழ்ப்பாணத்து வீட்டுப் படலைகளிலும் கொழும்பு மாளிகைகளின் இரும்புக் கதவுகளிலும் 'கடிநாய் கவனம்' என்ற பலகை தொங்குவதை நாம் காண்கின்றோம். தபாற்காரருக்கு அது உதவி. அவர் வெளியே நின்று மணியை அடித்துக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். வேலை கேட்டு வருகின்ற கூலியாளுக்கும் பசியென்று வருகின்ற ஏழைக்கும் அது என்ன? உள்ளே வராதே என்னும் ஆணையே. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துத் தத்துவ ஆசிரியர் ஜே. எல். ஒஸ்ரின் 1955 இல் ஹாவட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகள், அவர் மறைந்தபின் 1962 இல் நூலாக வெளிவந்தன. வயலிற் காளைமாடு நிற்கின்றது என்று ஒருவர் கூறினால் அது எச்சரிக்கையாகவும் இருக்கலாம், வெறும் காட்சி வருணனையாகவும் இருக்கலாம் என்று அவர் அவற்றிற் சுட்டிக்காட்டினார். சொல்லுதல் என்பதே ஒரு செயல். அது எத்தகைய செயல் என்பதைச் சொல்லின் வடிவம் மாத்திரம் தீர்மானிப்பதில்லை, சொல்லும் சூழ்நிலையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது என்பது அவர் கருத்து.

அக்கருத்தை நாம் ஏற்கலாம். ஆனால் அத்தோடு நின்றுவிட முடியாது. காளைமாட்டைப் பற்றிச் சொன்னவர் அந்த மாட்டின் சொந்தக்காரரா என்ற கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும். வழிப்போக்கர் ஒருவர் 'அங்கே மாடு நிற்கின்றது' என்று சொன்னால், அபாயம் அவர் கையில் இல்லை. நம்மைப் போலவே அவரும் அதற்கு அஞ்சுகின்றார். மாட்டுக்கு உரியவரே அவ்வாறு சொன்னால், அவர் அதனைக் கட்டிவைத்திருக்கலாம் அல்லவா? அபாயத்தைத் தன் கையிற் பிடித்துக்கொண்டே அதனைப் பற்றி நமக்கு அறிவிப்பவர் எச்சரிக்கின்றவர் அல்லர், அச்சுறுத்துகின்றவர். அவருடைய குரல் எத்துணை மென்மையாக இருப்பினும் இவ்வுண்மை மாறாது.

பண்டைத் தமிழிலே மென்மையான எச்சரிக்கையைக் குறிக்கத் தனிச்சொற்கள் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் வாயுறை வாழ்த்து, செவியுறை என்பனவற்றுக்கு இலக்கணம் கூறுகின்றது. சொல்லும்போது வேம்பு போலக் கசந்தாலும் பின்னர்ப் பெரும்பயன் தருவது வாயுறை. பெரியோர் நடுவே பொங்காமல் அடங்கி நடத்தலே கடன் என்று காதில் இடுவது செவியுறை. புறநானூற்றில் இதுவே 'செவியறிவுறூஉ' என்னும் துறையாக வழங்குகின்றது. செவிக்கு அறிவை உறுத்துதல், அதாவது காதின் வழியே அறிவு சென்று சேருமாறு செய்தல் என்பது சொற்பொருள். இன்றைய வழக்கில் உறுத்துதல் என்பது கண்ணில் விழுந்த தூசி வருத்துவதையும் குறிக்கும். அறிவு காதிற் புகும்போது சிறிது உறுத்தவே செய்யும் என்பதை நாம் இதனோடு சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

இத்துறைக்கு எடுத்துக்காட்டாகப் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய 184 ஆம் புறப்பாட்டினை நமது மாணாக்கர் பலரும் அறிவர். வரி வாங்கும் முறையைப் பற்றியது அப்பாட்டு. சிறு நிலத்தில் விளைந்த நெல்லையும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே நூறு வயலிற் புகுந்தாலோ, அதன் வாய்க்குட் செல்வதிலும் காலடியிற் பட்டு அழிவதே மிகுதியாகும். முறையறிந்து வரி கொள்ளும் அரசனின் நாடு செழிக்கும். அறிவிலே திண்மையின்றி, தரமறியாத ஆரவாரச் சுற்றத்தோடு கூடி, குடிகளின் அன்பு கெடும்படி பறிக்க விரும்பும் அரசன் தானும் உண்ணான், நாடும் கெடும். இதுவே பாட்டின் சாரம்.

பதினொரே அடிகளைக் கொண்ட இப்பாட்டில் 'நீ' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பது மனங்கொளத்தக்கது. புலவர் இரண்டு அரசர்களைக் காட்டுகின்றார். ஒருவன் அறிவுடையவன், மற்றவன் அறிவில் மெலிந்தவன். இவ்விருவரில் நீ யார் என்று அவர் சொல்லவில்லை. அறிவுடை நம்பி என்ற பெயரைத் தாங்கி அமர்ந்திருப்பவன் அதனைத் தானே கண்டுகொள்ளட்டும் என விட்டுவிடுகின்றார். அவையின் நடுவே அவனுக்குத் தலைகுனிவு நேராதவாறு, அவன் தன்னைத் தானே திருத்திக்கொள்ள இடமளிக்கின்றார். இதுதான் அப்பாட்டின் மென்மை. ஆனால் உள்ளடக்கத்தில் மென்மை உண்டா? இல்லை. வரி சற்றுக் கூடிவிட்டது போலும் என்று அவர் மழுப்பவில்லை. நாடு அழியும், அரசனுக்கும் உணவிராது என்று அறுதியிட்டுக் கூறுகின்றார். அப்பாட்டிலே 'மெல்லியன்' என்ற சொல் கெட்ட அரசனுக்கே பெயராக வருகின்றது என்பதும் கருதத்தக்கது. நாவின் மென்மை வேறு, அறிவின் மென்மை வேறு. முன்னது பிறரை மதிக்கும் பண்பு. பின்னது நாட்டை அழிக்கும் குற்றம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்பவர்களே, மெல்லப் பேச வேண்டுமென்பதற்காக உண்மையையும் மெலியச் செய்துவிடுகின்றனர்.

வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனுக்குப் பாடிய 35 ஆம் பாட்டும் இத்துறையினதே. முறை வேண்டி வருவோருக்கு அரசன் காட்சிக்கு எளியனாக இருத்தல் வேண்டும், அவனது குடை வெயிலை மறைப்பதற்கு அன்று குடிகளைக் காப்பதற்கே உரியது, போர்க்களத்தின் வெற்றியும் உழுபடையின் விளைவிலிருந்தே பிறக்கின்றது, மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்றெல்லாம் அப்புலவர் எடுத்துரைத்தார். இப்பாட்டினைப் பாடிப் பழஞ்செய்க்கடனை விடுவித்துக்கொண்டார் என்று அதன் கீழுள்ள குறிப்புக் கூறுகின்றது. வார்த்தையாற் கடன் நீங்கிய இச்செய்தி, செவியறிவுறூஉ வெறும் உபதேசமாக மாத்திரம் நின்றுவிடவில்லை என்பதைப் புலப்படுத்துகின்றது. இதனைச் செய்தல் ஆபத்தற்ற வேலையும் அன்று. இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்ததையும், கோவூர்கிழார் பாடி அவனை உய்யக்கொண்டதையும் 47 ஆம் பாட்டின் குறிப்பினால் அறிகின்றோம். வாளுக்கு முன்னாலே வாயைத் திறந்தவர்கள் அவர்கள். அபாயம் அரசன் கையில் இருந்தது. சொன்னவர் கையில் இருக்கவில்லை.

பழமையிற் பெருமை தேடுவோர் இவ்விடத்தில் நின்றுவிடுவர். நாம் நின்றுவிட முடியாது. செவியறிவுறூஉ என்பது நிலவுடைமைச் சமுதாயத்தின் கருவி என்பதையும் கண்டுகொள்ளுதல் வேண்டும். அரசனிடம் உழவனுக்காகப் புலவன் பேசினான். உழவன் தன் வாயாற் பேசவில்லை. விடுபட்ட கடன் பாடியவரின் வயற்கடனோ, ஊர் முழுவதன் கடனோ, பாட்டின் குறிப்பு அதனை விரிக்கவில்லை. அரசனின் செவி திறந்திருந்தால் நாடு பிழைத்தது, மூடியிருந்தால் அழிந்தது. யானை வயலிற் புகாதிருப்பது யானையின் நல்லறிவைப் பொறுத்தது என்ற நிலைமையிலே, வயலுக்கு வேலி கட்டுவோம் என்ற எண்ணத்துக்கு அச்சமுதாயத்தில் இடமிருக்கவில்லை. பெரியோர் நடுவே அடங்கியிருத்தலே கடன் என்ற செவியுறையின் இலக்கணமும் இதனோடு இயைந்ததே. அரசனுக்கு அது செருக்கைத் தணிக்கும் மருந்தாயிற்று. அடங்கியே வாழ்ந்த மக்களுக்கு அதே அடக்கம் விலங்காயிற்று.

அடக்கத்தை உபதேசிக்கும் மென்மொழி நமது சமுதாயத்தில் எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயிற் கதவுகளும் தேநீர்க்கடை ஆசனங்களும் மறுக்கப்பட்டிருந்தன. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய சமூகக் குறைபாடுகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய பின்னரும் நிலைமை அதிகம் மாறவில்லை. 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. 1968 இல் மாவிட்டபுரம் ஆலய வாசலில் மக்கள் நின்றனர். அக்காலத்தில் அவர்களுக்குச் சொல்லப்பட்ட புத்திமதிகள் எத்தகையவை? 'பிள்ளைகளே, பொறுமையாக இருங்கள். அவசரப்பட்டால் கலகம் வரும். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கின்றோம்.' இச்சொற்களிலே கடுமை சிறிதும் இல்லை. ஆனால் வரப்போவதாகச் சொல்லப்பட்ட கலகம் யாருடைய கலகம்? கதவைப் பூட்டியவர்கள் யார்? தடியோடு நிற்கப் போகின்றவர்கள் யார்? அவ்வாறு சொன்னவரின் சகோதரரும் மைத்துனருமே. கடிநாய்க்கு உரியவர் நாயைக் கட்டாமல் நமது நன்மைக்காகப் பலகை மாட்டிய கதைதான் இது. தன் உறவினரிடம் சென்று, பூட்டைத் திறவுங்கள் என்று உறுத்திச் சொல்லியிருந்தால் அது செவியறிவுறூஉ ஆகியிருக்கும். கதவுக்கு வெளியே நின்றவரிடம் சொன்னமையால் அது அச்சுறுத்தலாயிற்று.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு நாம் வரலாம். மென்மையான எச்சரிக்கை வலியவனை நோக்கிச் செல்லும்போது துணிவை வேண்டி நிற்கின்றது. எளியவனை நோக்கிச் செல்லும்போது ஐயத்தை வேண்டி நிற்கின்றது. வலியவனுக்குச் சொல்வோன், சொல்லத் துணிந்தேனா என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எளியவனுக்குச் சொல்வோன், இதனைச் சொல்வதனால் நலம் பெறுவது யார் என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதுவரை பிறரைப் பற்றியே பேசினோம். இடதுசாரிகளாகிய நாம் நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1956 யூன் மாதத்தில் அரசகரும மொழி மசோதா பாராளுமன்றத்தின் முன் வந்தபோது லங்கா சமசமாசக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா ஆற்றிய உரை இந்நாட்டின் வரலாற்றில் மிகப் பிரசித்தமான எச்சரிக்கை எனலாம். ஒரு மொழியை மாத்திரம் ஏற்றால் நாடு இரண்டாகும், இரு மொழிகளையும் ஏற்றால் நாடு ஒன்றாக நிற்கும் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். பிசிராந்தையார் இரண்டு அரசர்களைக் காட்டியது போல, அவர் இரண்டு வழிகளைச் சபையின் முன் காட்டினார். சபை அவருக்குச் செவிசாய்க்கவில்லை. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது.

பின்னர் நிகழ்ந்ததையும் நாம் மறைத்தலாகாது. 1964 யூனில் அதே கட்சி சிறீ லங்கா சுதந்திரக் கட்சியோடு கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. 1966 சனவரியில், தமிழ்மொழிப் பயன்பாட்டுக்கான ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டபோது, அவற்றை எதிர்த்து நிகழ்ந்த ஊர்வலத்தில் இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்டன. 1970 இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்திலே கொல்வின் ஆர். டி சில்வா அரசியலமைப்பு விவகாரங்களுக்கும் பொறுப்பான அமைச்சரானார். 1972 மே 22 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்புச் சிங்களத்தை அரசகரும மொழியாக உறுதி செய்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடத்தை வழங்கியது. முந்திய அரசியலமைப்பிலே சிறுபான்மையினருக்கு ஓரளவு காப்பாக இருந்த 29 ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. யானையைப் பற்றி எச்சரித்த புலவர் பதினாறு ஆண்டுகளின் பின் யானையின் முதுகிலே அமர்ந்திருந்தார். தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்ற ஏற்பாடு 1987 இல் 13 ஆம் திருத்தத்தின் வழியே வந்தபோது முப்பத்தொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் 1983 யூலை நடந்து முடிந்திருந்தது. 2009 மே வரை நீடித்த போரும் தொடங்கியிருந்தது.

தனியொருவரைப் பழிப்பதற்காக இதனை நாம் நினைவுகூரவில்லை. அந்த எச்சரிக்கை மெய்யானது. அதனைச் சொல்வதற்கு அன்று துணிவும் வேண்டியிருந்தது. ஆனால் அது ஏன் தோற்றது என்பதை ஆராயாமல் விடுவது நமக்குத் தகாது. இரண்டு காரணங்கள் நமக்குத் தோன்றுகின்றன. முதலாவது, எச்சரிக்கை பாராளுமன்றத்தின் செவியிற் போடப்பட்டதேயன்றிக் கிராமத்தின் செவிக்குப் போதிய அளவு சென்று சேரவில்லை. முடியாட்சிக் காலத்தில் அரசனின் செவி ஒன்றே செவி. வாக்குரிமை பெற்ற காலத்திலோ மக்களின் செவியே செவி. தம் பிள்ளைகளுக்கு உத்தியோகம் கிடைக்கும் என்று நம்பிய சிங்கள விவசாயியிடமும் சிற்றாசிரியரிடமும் சென்று, உங்கள் வறுமைக்குக் காரணம் தமிழ்மொழியன்று என்று அவர்களுடைய மொழியில், அவர்களுடைய மதிப்புக்குப் பங்கமின்றி, திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர்கள் இருந்தனர்; தாக்கவும் பட்டனர். ஆயினும் அவர்களின் குரல் ஓர் இயக்கத்தின் குரலாக நிலைபெறவில்லை. இரண்டாவது, எச்சரிக்கை என்பது ஒருநாட் பேச்சன்று. அதனைச் சொன்னவர் அதற்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தால்தான் அது உயிரோடிருக்கும். சொன்னவரே அதனைக் கைவிடும்போது, அது பொய்யாகிவிடுவதில்லை, அநாதையாகிவிடுகின்றது.

இன்று அந்த 1956 உரையை எடுத்துக்காட்டாத பேச்சாளர் இல்லை. 'எத்துணை தீர்க்கதரிசனம்!' என்று வியக்கின்றோம். இவ்வியப்பிலே ஒரு பிழை உண்டு. தீர்க்கதரிசிக்கு அவன் சொன்னது பலித்தால் வெற்றி. எச்சரிப்பவனுக்கோ அவன் சொன்னது பலித்தால் தோல்வி. தன் வார்த்தை பொய்யாக வேண்டும் என்று விரும்பிச் சொல்லப்படுவதே எச்சரிக்கை. பிசிராந்தையார் சொன்னபடி அறிவுடை நம்பியின் நாடு அழிந்திருந்தால் அவர் மகிழ்ந்திருப்பாரா? பலித்த எச்சரிக்கையை நினைத்துப் பெருமிதங் கொள்வது, இடிந்து வீழ்ந்த வீட்டின்மீது நின்றுகொண்டு, சுவர் வெடித்திருந்ததை நான் முன்னரே கண்டேன் என்று மார்தட்டுவதை ஒக்கும். 'நான் அப்பொழுதே சொன்னேன்' என்னும் வாக்கியத்தை மகிழ்ச்சியோடு சொல்பவன் எச்சரித்தவன் அல்லன், சாபமிட்டவன். தீயது நிகழட்டும் என்று உள்ளுக்குள்ளே காத்திருந்தவன்.

இவ்வுரைகல்லை ஆசிரியர்களாகிய நாம் நமது வகுப்பறைக்கும் கொண்டுசெல்லுதல் நன்று. 'இப்படியே போனால் நீ உருப்படமாட்டாய்' என்று மாணவனைப் பார்த்து எத்தனை தடவை சொல்கின்றோம்? அவன் உருப்படாமற் போனால் நமது வாக்குப் பலித்தது என்ற ஓர் அற்பத் திருப்தி நமக்கு ஏற்படுமாயின், நாம் அவனை எச்சரிக்கவில்லை. அவனுக்கு நாம் காட்டிய மாற்று வழி யாது? பிசிராந்தையார் கெட்ட அரசனைக் காட்டுமுன் நல்ல அரசனைக் காட்டினார். செழிக்கும் நாட்டைக் காட்டிய பின்னரே அழியும் நாட்டைக் காட்டினார். வழி காட்டாத எச்சரிக்கை மாணவனின் மனத்தில் அச்சத்தை விதைக்குமேயன்றி அறிவை உறுத்தாது. அன்றியும் வகுப்பறையில் அதிகாரம் நமது கையில் இருக்கின்றது. புள்ளியும் நற்சான்றுப் பத்திரமும் நமது கையில் இருக்கின்றன. ஆகவே நாம் எவ்வளவு மெல்லச் சொன்னாலும் மாணவனின் காதில் அது கடிநாய்ப் பலகையாகவே விழக்கூடும். அவ்வாறு விழாதிருக்க ஒரேயொரு வழிதான் உண்டு. அவன் நம்மிடம், 'ஐயா, நீங்கள் சொல்வது தவறு' என்று அஞ்சாது சொல்லக்கூடிய நிலைமையை நாம் உண்டாக்குதல் வேண்டும். தன்னை எச்சரிக்கப் பிறருக்கு இடங்கொடாதவனுக்குப் பிறரை எச்சரிக்கும் உரிமை இல்லை.

நமது இயக்கங்களுக்கும் இது பொருந்தும். எதிரியை உரத்துக் கண்டிப்பதில் நாம் வல்லவர். தோழனிடம் சென்று, அவனுக்குத் தலைகுனிவு நேராமல், ஆனால் உண்மையிற் சிறிதும் குறைக்காமல், இவ்வழி தவறு என்று சொல்வதில் நாம் தோற்றிருக்கின்றோம். மௌனமாக இருந்துவிட்டு, பிளவு வந்தபின் துரோகி என்று பட்டஞ் சூட்டியிருக்கின்றோம். மௌனத்துக்கும் வசைக்கும் இடையே ஒரு பாதை உண்டு என்பதைத்தான் செவியறிவுறூஉ என்னும் பழஞ்சொல் நமக்கு நினைவூட்டுகின்றது. அச்சொல்லைப் படைத்த சமுதாயத்தை நாம் மீட்டெடுக்க விரும்பவில்லை. அரசனின் ஒரு செவியை நம்பியிருந்த காலம் போய்விட்டது; போகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் கேட்போனை மதித்து, உண்மையைக் குறைக்காமல், ஆபத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு பேசிய அந்தப் பண்பை நாம் உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம்.

ஆதலின் இளைஞருக்கு நாம் சொல்வது இது: மெல்லச் சொல்லப்பட்டது என்பதற்காக எதனையும் நம்பாதீர்கள், மெல்லச் சொல்லப்பட்டது என்பதற்காக எதனையும் இகழாதீர்கள். அபாயம் யார் கையில் இருக்கின்றது என்று பாருங்கள். சொல்வோன் தன் வார்த்தை பொய்யாக வேண்டுமென விரும்புகின்றானா, பலிக்க வேண்டுமெனக் காத்திருக்கின்றானா என்று பாருங்கள். பெரியோருக்கு நாம் சொல்வது அதனினும் சுருக்கமானது. படலையிற் பலகை மாட்டுவதை விடுத்து, முதலில் நாயைக் கட்டுங்கள்.